ரோட்ஸ் அகழியில் வந்த பதில்

மே 20, காலை 9:15. ஆட்கள் மூன்று: நான், அப்பா, அம்மா. பாஸ்போர்ட் மூன்றும், அப்பாவின் சுகர் மாத்திரையும், ஹோட்டல் அறைச் சாவியும் என் முதுகுப்பையில். சிம் போட்ட போன் ஒன்றே ஒன்று, அதுவும் என் பாக்கெட்டில். இந்தக் கணக்கு ஏன் முட்டாள்தனம் என்று கீழே புரியும்.

போன தடவை அப்பாவும் அம்மாவும் ஈரோட்டிலிருந்து அமெரிக்காவில் நான் இருக்கும் பிஸ்கட்டவே வந்து ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். "டிரைவ் பண்ணத் தெரியாதவங்களுக்கு இது ஜெயிலு கண்ணு" என்றார் அம்மா. அதனால் இந்த முறை வழியிலேயே ஓர் ஊர் சுற்றிவிட்டுப் போகலாம் என்று முடிவு. அவர்கள் சென்னையிலிருந்து, நான் நியூவார்க்கிலிருந்து. ஏதென்ஸில் சந்தித்து, அங்கிருந்து ஒரு மணி நேர விமானத்தில் ரோட்ஸ் தீவு. பெற்றோருக்கு ஷெங்கன் விசாவை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். அமெரிக்கா வந்தபின் முயற்சி செய்தால் தலைவலி.

ஹோட்டலிலிருந்து மண்ட்ராக்கி துறைமுகம் 4 கிலோமீட்டர், டாக்ஸிக்கு 12 யூரோ. கோட்டை மதில் துறைமுகத்தை ஒட்டியே எழும்பி நிற்கிறது. சுற்றுலாக் கப்பல்களில் வந்து இறங்கும் கூட்டம் பயங்கரம். டிரைவர்தான் சொன்னார்: "முதலில் அகழிக்குப் போங்கள். இலவசம். கப்பல்காரர்கள் அங்கே வருவதில்லை."

உண்மை. கோட்டைக்குள் இருக்கும் அரண்மனைப் பக்க வாசலருகே 10:40க்கு அகழிக்குள் இறங்கினோம். தண்ணீர் இல்லாத அகழி, அடியில் புல். இரு பக்கமும் மூன்று நான்கு மாடி உயரத்துக்குக் கல்சுவர். பழைய முற்றுகைகளின் பீரங்கிக் குண்டுகள், பூசணிக்காய் அளவில் கல்லால் ஆனவை, அங்கங்கே கிடக்கின்றன. இறங்கி இரண்டு வளைவு தாண்டியதும் ஊர்ச் சத்தம் சுத்தமாக நின்றுவிடுகிறது. மேலே ஆயிரக்கணக்கில் ஜனம். கீழே எங்கள் செருப்புச் சத்தம் மட்டும்.

அப்பா ஒவ்வொரு குண்டையும் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். 11:20க்கு ஒரு கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இப்படி நடந்தா நாளைக்குத்தாம்ப்பா போய்ச் சேருவோம். இங்கயே உக்காருங்க. நாங்க கடைசி வரைக்கும் பாத்துட்டு வந்துர்றோம்."

"நீ போ சாமி, உன்ற ராஜ்ஜியம்" என்று ஒரு குண்டின்மேல் உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

11:55க்குத் திரும்பினோம். குண்டு இருந்தது. அப்பா இல்லை. ஒரு மணிக்கு அவர் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும். தாமதமானால் கை நடுங்கும், மயக்கம் வரும். அவரிடம் காலையில் நான் கொடுத்த இருபது யூரோ தவிர வேறெதுவும் இல்லை. கூடவேதானே இருக்கப்போகிறோம் என்று அவர் போனுக்கு சிம் வாங்கவில்லை.

அக்கம்பக்கம் தேடிவிட்டு, 12:10க்கு அம்மா கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டார்: "ஏனுங்க!"

"ம்."

அப்பாவின் 'ம்' எங்கள் இருவருக்கும் தெரியும். கூப்பிட்டதும் வராது, கொஞ்சம் காக்க வைத்துத்தான் வரும். அப்படியே வந்தது. அந்த இடத்தில் அகழி இரண்டாகப் பிரிகிறது. நாங்கள் இதுவரை போகாத இடது கிளையிலிருந்து வந்தது.

"கேட்டுதா? அங்கிருக்காரு. கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று அம்மா முன்னால் நடந்தார்.

வளைவு தாண்டினோம். யாரும் இல்லை. "ஏனுங்க!" மறுபடி "ம்." இன்னும் கொஞ்சம் தள்ளி. இப்படி நான்கு முறை. கோபக்காரர் ஒளிந்து விளையாடுவாரா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை. கடைசியில் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு இருட்டுப் பொந்து. அம்மா குனிந்து, "உள்ளிருந்துதாண்டா வருது" என்று ஒரு காலை எடுத்து வைத்துவிட்டார்.

அவர் கையைப் பிடித்து நிறுத்தி, போன் விளக்கை அடித்தேன். நான்கு மீட்டர் ஆழம். முடிவில் கல். தரையில் இரண்டு குண்டுகள். ஆள் இல்லை.

எதிரொலி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் 'ஏனுங்க' என்றால் 'ஏனுங்க' என்றுதான் திரும்பும். கை தட்டிப் பார்த்தேன், உடனே திரும்பியது. 'ம்' வர மூன்று விநாடி ஆகிறது. அதற்கு ஐந்நூறு மீட்டர் தள்ளி ஒரு சுவர் வேண்டும். அங்கே ஐம்பது மீட்டருக்கு ஒரு வளைவு.

"அம்மா, பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

"அதெப்படிறா?"

"ஏனுங்கன்னா யாருக்கு வேணா பொருந்தும்மா."

அம்மா என்னைப் பார்த்தார். முப்பத்திமூன்று வருடத்தில் அவர் அந்தப் பெயரை ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. வங்கியில் கேட்டால்கூட என்னைத்தான் கைகாட்டுவார். நானும் சொன்னதில்லை, அப்பாவை யார் பேர் சொல்வார்கள்? ஆனால் மணி 12:32. பொந்தைப் பார்த்து நான் கத்தினேன்: "பழனிச்சாமி!"

சுவர் என் குரலைத் திருப்பிக் கொடுத்தது. அதன்பின் ஒன்றுமில்லை. பத்து விநாடி எண்ணினேன். மறுபடி கத்தினேன். ஒன்றுமே இல்லை.

நான் பேர் சொன்னால் அப்பா எந்த மூலையிலிருந்தாலும் அறையவாவது வருவார். ஆக, அது அப்பா இல்லை. அம்மாவின் கையை விடாமல் வந்த வழியே வேகமாக நடந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

12:55. இறங்கிய வாசலுக்கு மேலே, ஜூஸ் கடை நிழலில் அப்பா.

"உக்காருன்னா உக்கார நானென்ன நாயா? வந்த வழியே வந்துட்டேன்" என்றார்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "நீங்க 'ம்'முன்னீங்களா?"

"எதுக்கு? எவன் கூப்பிட்டான்?"

மேசையில் ரசீது இருந்தது. ஆரஞ்சு ஜூஸ், 11:52. கடைக்காரரிடமும் கேட்டேன், வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்றார். மாத்திரையைக் கொடுத்தேன். "தப்புதாம்ப்பா" என்றேன். அதற்குள் அம்மா நடந்ததைச் சொல்லியிருந்தார். அப்பா சிரித்தார். "பேரச் சொல்லிக் கூப்பிட்டயாமே. கொழுப்பு!"

மதியம் மாவீரர் தெரு, அரண்மனை எல்லாம் பார்த்தோம். நன்றாக இருக்கின்றன, படங்கள் எங்கும் கிடைக்கும். அகழிக்குப் போகிறவர்கள் மூன்று பேர் என்றால் மூன்று பேராகவே நடங்கள். மெதுவாக நடப்பவர் வேகம்தான் எல்லோருடைய வேகம். பிரிந்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. அப்பா போனுக்கு சிம். இது முடிந்தது.
2. மாத்திரை ஒரு நாளுக்கானது அவர் சட்டைப் பையிலேயே.
3. அகழியை எடுக்கத் தொடங்கிய வீடியோ, தேடும்போதும் என் போனில் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கேட்கவில்லை. கேட்காமலே அழிக்கப்போகிறேன்.
4. பிஸ்கட்டவே வந்து பத்து நாளாகிறது. அம்மா சமையலறையிலிருந்து 'ஏனுங்க' என்று குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். சாப்பாடு ஆனதும் முட்டி வலியோடு மாடி ஏறி, அப்பா முகத்தைப் பார்த்த பிறகுதான் கூப்பிடுகிறார். இந்தச் சனிக்கிழமை அவர்கள் கட்டிலைக் கீழே இறக்க வேண்டும்.