அப்பா போட்ட என் வாக்கு

என் வாக்கை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. நான் இருப்பது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில். என் வாக்கு இருப்பதோ வடமேற்கு லண்டனில், நான் வளர்ந்த வீட்டு முகவரியில். எத்தனை காலம் வெளிநாட்டில் இருந்தாலும் பிரித்தானியக் குடிமக்கள் வாக்களிக்கலாம் என்று அண்மையில்தான் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். தபாலில் வாக்குச்சீட்டு இங்கே வந்து, நான் நிரப்பி, அது திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் புதிய அரசாங்கமே பதவியேற்றுவிடும் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்தினார்கள். அதனால், நமக்குப் பதிலாக இன்னொருவரைப் போய்ப் போடச் சொல்லும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு அங்கே எனக்கிருந்த ஒரே ஆள் அப்பாதான்.

சிக்கல் என்னவென்றால், நான் யாரைத் தோற்கடிக்க நினைத்தேனோ அவருக்குத்தான் அப்பா காலங்காலமாகப் புள்ளடி போட்டுவந்தார். வாக்குச்சீட்டில் பெயருக்கு நேரே போடும் பெருக்கல் குறியை இலங்கைத் தமிழர்களான நாங்கள் புள்ளடி என்போம். சென்னைக்காரரான என் கணவருக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் இன்னும் சிரிப்பு வரும். அவர்தான் எங்கள் தொகுதி எம்.பி., ஆளும் கட்சிக்காரர். எங்கள் கோயில் தேர்த்திருவிழாவுக்கு வேட்டி கட்டி வருவார். அது எப்போது அவிழுமோ என்று நாங்கள் எல்லோரும் சாமியை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் வீட்டில் வாக்கு என்பது தனி ஆளின் உடைமை அல்ல. தேர்தலுக்கு முதல் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா, “நாளைக்கு நாங்கள் இவருக்குத்தான்” என்று அறிவிப்பார். மறுநாள் எல்லோரும் ஒன்றாக நடந்து, மூலையிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். வாசலில் அம்மா, “மேலயிருந்து எத்தினையாவது பேர்?” என்று அப்பாவைக் கேட்பார். அப்பா சொல்வார். அவ்வளவுதான் எங்கள் ஜனநாயகம். அது பிழை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கோயிலுக்கு எந்த நாளில் போவது என்பதைப் போல அதுவும் ஒரு வீட்டு முடிவு.

ஆனால் இந்த முறை எனக்கென்று ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்திய குளிர்காலத்தில் அம்மாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கட்டில் இல்லை. அப்பா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். நடைபாதையில், அறிவிப்புப் பலகைக்குக் கீழே, தள்ளுவண்டியில் அம்மா படுத்திருந்தார். தன்னுடைய பழைய கோட்டைத்தான் போர்த்தியிருந்தார். நான் கிடைத்த விமானத்தில் ஏறினேன். லண்டனில் இறங்கிப் போனைத் திறந்தபோது, அம்மா போய்விட்டார் என்ற செய்திதான் இருந்தது. செத்த வீட்டுச் சனத்துக்கு நடுவில் எதையும் கேட்கத் தெம்பில்லை, பிறகும் நான் கேட்கவில்லை. என் மனதில் அம்மா அந்த நடைபாதையிலேயே கிடந்து போய்விட்டார். அந்தக் கோபத்தை எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டும்போல் இருந்தது. ஆஸ்பத்திரிகளை அந்த நிலைக்கு விட்ட அரசாங்கத்தின் மேல் வைத்தேன்.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. இங்கே எங்கள் இருவரிடமும் இருப்பது கிரீன் கார்டு. வரி கட்டலாம், வாக்களிக்க முடியாது. ஆனால் அவர் லண்டனில் வேலை பார்த்த காலத்தில், இந்தியப் பாஸ்போர்ட்டோடு போய் பிரித்தானியத் தேர்தலில் வாக்களித்திருக்கிறார். காமன்வெல்த்காரர்களுக்கு அங்கே அந்த உரிமை உண்டு. யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“மழையில நனைஞ்சுகிட்டே ஒருத்தர் நோட்டீஸ் குடுக்க வந்தாரு. போகும்போது கேட்டைச் சாத்திட்டுப் போனாரு. அவருக்குத்தான் போட்டேன்.”

“அது ஒரு காரணமா?”

“எல்லாரும் இப்படித்தான் போடறாங்க. பாலிஸி, எக்கானமி எல்லாம் அப்புறமா சேர்த்துக்கறதுதான். எப்படியும் நீ மாமாகிட்ட ஜாக்கிரதையா பேசு.”

ஜாக்கிரதையாகத்தான் தொடங்கினேன். ஒரு சனிக்கிழமை காலை வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டு, எதிர்க்கட்சி வேட்பாளரின் பெயரைச் சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது என்னால ஏலாது, பிள்ளை. வேற ஆரையும் கேள்.”

“ஏனப்பா?”

“அந்த மனுசனுக்கு எதிரா என்ர கையால புள்ளடி போட மனம் வரேல்லை.”

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. என் வாய் எப்போதும் என் மூளைக்கு ஓர் அடி முன்னால்தான் போகும். “அம்மாவை நடைபாதையில சாக விட்டவைக்கே இந்த முறையும் போடப் போறியளோ?” என்று கேட்டுவிட்டேன்.

அப்பா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சாதாரணமாகவே கேட்டார். “ஆர் சொன்னது அம்மா நடைபாதையில செத்தவ எண்டு?”

“நீங்கள்தானே படம் அனுப்பினீங்கள்.”

“அது பின்னேரம் எடுத்த படம். அதுக்குப் பிறகு நான் எம்.பி.யின்ர ஒஃபிசுக்கு ரெலிபோன் எடுத்தனான். ஒரு பிள்ளை கதைச்சது. அவரிட்டச் சொல்லுறன் எண்டது. கொஞ்ச நேரத்தில கட்டில் வந்திட்டுது. ஜன்னல் பக்கத்துக் கட்டில். அம்மா அதில படுத்திட்டு, ‘இஞ்ச நல்ல வெளிச்சமா இருக்கு, என்னப்பா’ எண்டவ. விடியக் கண்ணை மூடேக்கை அந்தக் கட்டிலிலதான் இருந்தவ.”

நான் போனை அடுப்படி மேசையில் வைத்துவிட்டு நின்றேன். இவ்வளவு காலமாக நான் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் மரணம் நடக்கவே இல்லை. அம்மாவுக்கு ஒரு தலையணை இருந்திருக்கிறது, ஜன்னல் இருந்திருக்கிறது, சொல்வதற்கு ஒரு நல்ல வார்த்தை இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. ஆறுதலாகவும் இருந்தது. இதை ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று அப்பா மேல் எரிச்சலாகவும் இருந்தது. நான்தான் கேட்கவில்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். “ஒரு கட்டிலுக்கு எம்.பி.யைப் பிடிக்க வேண்டியிருக்கெண்டா அது என்ன நாடு, அப்பா? ரெலிபோன் எடுக்க ஆளில்லாத மனுசர் என்ன செய்யிறது?”

“நீ சொல்லுறது பிழையில்லை,” என்றார் அப்பா. “ஆனா அண்டைக்கு உதவினது அந்த மனுசன்.”

ஒரே மனுஷி, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நாள். அதைப் பார்த்துத்தான் அவரும் போடுகிறார், நானும் போடுகிறேன். எந்தத் தொலைக்காட்சி விவாதமும் எங்களில் ஒருவரைக்கூட அசைத்திருக்க முடியாது. வேறு யாரையாவது கேட்கலாம் என்று என் கணவர் சொன்னார். எனக்கு மனமில்லை. வேறொருவரிடம் போனால் அப்பாவிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. வாக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த வார இறுதியில் அப்பாவே கூப்பிட்டார். “படிவத்தில என்ர பேரைக் குடு. நீ சொன்ன ஆளுக்கே போடுறன். உன்ர வாக்கு உன்ரது.”

“உங்கட?”

“என்ரது என்ரது.”

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. நன்றி என்றேன். ஆனால் உள்ளே சந்தேகம் இருந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் தனியாக நிற்கும்போது, எந்தப் பெயருக்கு நேரே பென்சில் போகிறது என்று யாருக்குத் தெரியும்? அப்பா பொய் சொல்லமாட்டார். ஆனால் அந்தக் கட்டிலும் ஜன்னலும் அவருக்குப் பக்கத்திலேயே நிற்குமே என்று நினைத்தேன்.

தேர்தல் நாள் அமெரிக்காவின் சுதந்திர தினத்தில் வந்தது. பிரித்தானியாவிடமிருந்து விடுபட்டதைக் கொண்டாட எங்கள் தெருவே சோளம் சுட்டுக்கொண்டிருந்தது. நான் மட்டும் பிரித்தானியாவின் செய்திக்காகப் போனும் கையுமாக இருந்தேன். அப்பா பள்ளிக்கூட வாசலிலிருந்தே கூப்பிட்டார். அடையாளத்துக்கு முதியோர் பஸ் பாஸைக் காட்டினாராம், இரண்டு சீட்டுகள் கொடுத்தார்களாம்.

“உன்ரதை முதலில போட்டன். நீ சொன்ன ஆளுக்குத்தான். அவசரப்பட்டா மாறிப்போடும் எண்டு ஆறுதலாப் போட்டன்.”

“பிறகு?”

“பிறகு என்ரதை அந்த மனுசனுக்குப் போட்டன். உன்ரதும் என்ரதும் வெட்டுப்பட்டுப் போச்சு. ரெண்டு பேரும் போடாமலே இருந்திருக்கலாம்.” அவர் சிரித்தார். அம்மா போன பிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை அந்தக் கணமே முழுதாக நம்பினேன்.

எம்.பி. தோற்றுப்போனார். நாடு முழுவதும் அவருடைய கட்சி தோற்றது. நான் நினைத்ததுதான் நடந்தது, ஆனால் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. சில நாள் கழித்து அப்பா கூப்பிட்டார். அந்த மனிதர் ஒஃபிசைக் காலி செய்துகொண்டிருந்தபோது போய்ப் பார்த்தாராம். செத்த வீட்டுக்குப் போவதுபோல, தோற்ற வீட்டுக்கும் ஒருமுறை போகத்தான் வேண்டுமாம்.

“அவருக்கு எங்கட ரெலிபோன் ஞாபகத்தில இல்லை. தன்ர ஒஃபிசில கட்டிலுக்கெல்லாம் சொல்லுறதில்லையாம். அது ஆஸ்பத்திரிக்காரர் தாங்களாத்தான் தந்திருப்பினமாம்.”

பார்த்தீர்களா அப்பா, இதற்காகவா இவ்வளவும் என்று சொல்ல வாயெடுத்தேன். உடனே என்னுடைய நடைபாதை நினைவுக்கு வந்தது. அது அப்படி முடியவில்லை என்று தெரிந்த பிறகும் நான் வேட்பாளரை மாற்றவில்லையே. வாயை மூடிக்கொண்டேன்.

“நான் எண்டாலும் நன்றி சொன்னன்,” என்றார் அப்பா. “என்ர மகளும் சொல்லச் சொன்னவ எண்டும் சொன்னன்.”

“நான் அப்பிடிச் சொல்லவே இல்லையே, அப்பா.”

“இல்லைத்தான். உனக்காகப் புள்ளடி போட்டனான், நன்றியையும் நானே சொல்லிப்போட்டன். அவர் உன்னை விசாரிச்சவர். சுகமா இருக்கிறாவோ எண்டு கேட்டார்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“இப்ப பரவாயில்லை எண்டனான்,” என்றார். “சரியோ, பிள்ளை?”

“ஓமப்பா,” என்றேன்.