ஏழாவது கம்பியைக் கழற்றிய வீரசிங்கம் அண்ணன்

இன்று மத்தியானம் ஹாலிஎலவில் பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலைக்கு நடுவே முக்கால் மணி நேரம் மேலே நடந்து போய் நான் பார்த்த மனிதரின் பெயர் வீரசிங்கம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. தன் கைக்கென்று தானே வரைந்து, அடிச் சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் ஒன்று செய்திருக்கிறார். ரயிலில் திரும்பி வரும்போதே இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வீடு போய்ச் சேரும் வரை பொறுமை இல்லை.

அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். பதினைந்து வருஷம் தோட்டத்து இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர். கோயில் தேர், கல்யாணம் என்று ஹல்துமுல்லை வரைக்கும் போயிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் இடது கை மாட்டி, மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. நாலு கம்பி பேஸில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போக இடது கை நீளமான கழுத்தில் மேலும் கீழும் ஓட வேண்டும். மிச்சமிருந்த இரண்டு விரலுக்கும் அந்த ஓட்டம் எட்டவில்லை. பாட்டு முன்னால் போய்விடும், விரல் பின்னால் வரும்.

"பதுளை ஆஸ்பத்திரியில இருந்து வந்து படுத்துக் கெடந்தேன் தங்கச்சி," என்றார். "நம்ம லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னாடிதான ஃபேக்டரி. பொழுது சாய கொழுந்து மாடி ஃபேனைப் போட்டா சொவரெல்லாம் 'ம்ம்ம்'னு இருக்கும். பொறந்ததுல இருந்து கேட்ட சத்தம். அன்னைக்குத்தான் அதுவும் ஒரு சுரம்னு பட்டுச்சு. கையில இருக்குற எந்தக் கம்பிக்கும் எட்டாத அடியில நிக்குது."

அப்படிப் படுத்திருந்தபோதுதான் யோசனை வந்திருக்கிறது. கை ஓட முடியாவிட்டால் கம்பிகள் பக்கத்தில் வரட்டும். நாலுக்குப் பதில் ஏழு. கழுத்து அகலமானால், மேலும் கீழும் ஓடாமல் பக்கத்துக் கம்பிக்கு விரலைத் தாவவிட்டே அடுத்த சுரத்தைப் பிடிக்கலாம். ஏழாவது கம்பி எல்லாவற்றுக்கும் அடியில், அந்த ஃபேன் நிற்கும் இடத்தில்.

முதலில் வரைந்த படத்தைக் காட்டினார். தேயிலை அடைக்கும் பிரவுன் பேப்பர் பையைப் பிரித்து, நீளமாக ஒட்டி, சிமெந்துத் தரையில் விரித்து வரைந்தது. நடுவில் அவருடைய இடது கை. நிரஞ்சலா அக்கா, அவருடைய மனைவி, பென்சிலால் அந்தக் கையைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறார். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல். அப்புறம் கோடு சட்டென்று உள்ளே வளைந்து மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது. கிட்டாரின் மற்ற எல்லாக் கோடும் அந்தக் கையிலிருந்துதான் புறப்படுகின்றன. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தேநீர் ஆறிவிட்டது.

உடம்புக்குப் பாரமில்லாத மலைவேம்பு, கழுத்துக்குப் பலா. பதுளையில் ரேடியோ திருத்தும் ஷிபான் நானா, கம்பியின் அதிர்வைக் கரண்டாக்கும் காந்தச் சுருளைத் தன் கையாலேயே சுற்றிக் கொடுத்தாராம். "ஏழு கம்பியா? நீ என்ன வீரா, துணி காயப் போடப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே சுற்றினாராம்.

தவறு நடந்தது பலாக் கட்டையில். அது பச்சை மரம். காய வேண்டும். வீரசிங்கம் அண்ணனுக்கு அதில் என்ன கவலை? தினமும் ஆயிரக்கணக்கான கிலோ கொழுந்தைக் காய வைப்பவர்! தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு, சும்மா கிடந்த ஒரு வாட்டும் தொட்டியில் கட்டையைக் கிடத்தி, மூன்று வாரம் ஃபேன் காற்றில் விட்டார். கொழுந்து வாடிவிட்டதா என்று மணத்தை வைத்துச் சொல்வது அவர் தொழில். கட்டையையும் முகர்ந்து பார்த்தார். பச்சை வாசம் போயிருந்தது. காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார். செதுக்கி, கம்பி ஏற்றி, ஒரு மாதம் வாசித்தும் பார்த்தார். ஏழாவது கம்பியைத் தட்டினால் தண்ணீர்க் குடம் கூட அதிர்ந்ததாம்.

அப்புறம் கழுத்து முறுக்கிக்கொண்டது. அவர் முகர்ந்தது காற்று வந்த பக்கம். தொட்டியின் மறு கோடியில் கிடந்த தலைப்பக்கத்தில் ஈரம் உள்ளேயே இருந்திருக்கிறது.

"கொழுந்தை மணிக்கொரு தடவை பொரட்டிப் போடுவாரு," என்றார் நிரஞ்சலா அக்கா. "கட்டையப் பொரட்டினாரான்னு கேளு."

"பத்து பேருகிட்ட சொல்லிட்ட. இந்தப் புள்ளகிட்டயுமா?"

"நீங்க அடுப்புல வெக்கப் பாத்தீங்களே, அதையும் சொல்லவா?"

உண்மையாகவே அடுப்பு வரை போயிருக்கிறது. அக்காதான் பிடுங்கி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, முறுக்கு தலைப்பக்கம், கழுத்தில் சுரம் பிரிக்கும் கட்டங்களில் முதல் இரண்டுக்குள்தான் இருக்கிறது, மிச்சம் நேர் என்று கண்டுபிடித்தார். அந்த இரண்டு கட்டத்தையும் வெட்டிவிட்டால் மீதிக் கட்டங்களின் கணக்கு மாறாது. வெட்டி, புதுத் தலை ஒட்டினார்கள். ஆனால் கழுத்து குட்டையானதும் ஏழாவது கம்பி விறைப்பில்லாமல் சணல் கயிறு மாதிரித் தொங்கியது. தட்டினால் சுரம் வரவில்லை, கடகடவென்று சத்தம்தான். அதைக் கழற்றிவிட்டார். எதற்காக ஆரம்பித்தாரோ அந்தக் கம்பி!

இன்றைக்கு ஏன் எல்லோரும் அங்கே கூடியிருந்தோம் என்றால், குழுவில் கீபோர்ட் வாசிக்கும் ஜெயகுமார் அண்ணன் ஒரு முடிவு சொல்ல வந்திருந்தார். அடுத்த மாதம் மாரியம்மன் கோயில் தேர். மூன்று வருஷமாக பேஸையும் கீபோர்டின் இடது கையிலேயே அவர் சமாளிக்கிறார்.

"மச்சான், பாவம் பார்த்துச் சேத்தா ரெண்டு பேருக்கும் கேவலம்," என்றார் நேராக. "வாசி. சரின்னா சரி. இல்லேன்னா இல்ல."

லயத்து வாசலில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தார். நான் அந்த இடது கையையே பார்த்தேன். அது ஓடவே இல்லை. ஒரே இடத்தில் நின்று, இரண்டு விரலும் கம்பிக்குக் கம்பி தாவின, மழையில் கல்லுக்குக் கல் கால் வைத்து ஓடையைக் கடப்பது போல. ஆறு கம்பியும் பேசின. ஜெயகுமார் அண்ணனின் கால் தாளம் போட ஆரம்பித்தது.

பாட்டு அடிச் சுரத்துக்கு இறங்கும் இடம் வந்தது. அண்ணனின் வலது கட்டைவிரல் பழக்கத்தில் ஏழாவது கம்பியைத் தேடிப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. விரல் காற்றைத் தட்டியது. வாசிப்பு நின்றுவிட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி தேயிலைச் செடிகளுக்கு மேலே மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது அந்திக் கொழுந்து லொறி வந்து இறக்கிவிட்டுப் போனது. தொழிற்சாலையில் ஃபேனைப் போட்டார்கள்.

ம்ம்ம்ம்.

முதலில் காலுக்குத்தான் தெரிந்தது. பிறகு சுவருக்கு. பிறகு நெஞ்சுக்கு. அண்ணன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். அந்தச் சத்தத்தோடு சேரும்படி ஆறாவது கம்பியின் திருகை ஒரு மயிரிழை திருப்பினார். இன்னும் ஒரு இழை. மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை பாட்டு அடிக்கு இறங்கிய இடத்தில் அவர் கம்பியைத் தொடவில்லை, கையைச் சும்மா நிறுத்தினார். அடிச் சுரம் அங்கேயே இருந்தது, கட்டடம் முழுக்க. அதன் மேல் ஆறு கம்பியும் மிதந்தன. பனிக்குள் லயம் தெரியவில்லை, மலை தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் அந்தக் கிட்டாருக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

முடிந்ததும் ஜெயகுமார் அண்ணன் கேட்டார். "தேருக்கு அந்த ஃபேனையும் தூக்கிட்டு வருவியாடா?"

"ஏன், வேணாமா?"

"வேணாம். ஆறு கம்பி போதும். எடது கைய நான் இனி சும்மா வெச்சிக்கிறேன்."

நிரஞ்சலா அக்கா உள்ளே போய் இன்னொரு தடவை தேநீர் வைத்தார். உள்ளே அவர் மூக்கை உறிஞ்சியது வெளியே கேட்டது.

ஹாலிஎல பக்கம் போனால், நாலரை மணிக்கு ஃபேன் போடும் நேரமாகப் பார்த்து மேலே ஏறுங்கள். தேரன்றும் வாருங்கள். எல்லாவற்றையும் விட, விரல் போனதென்று வாத்தியத்தை உறையில் கட்டி வைத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவர்களுக்கு அனுப்புங்கள். நான் கிளம்பும்போது அண்ணன் சொன்னது இதுதான்: "பிரவுன் பேப்பர் இன்னும் இருக்கு. கையக் கொண்டு வரச் சொல்லு, கோடு போட்டுத் தாரோம்."