என் நிரலுக்கு அய்யா பெயர்

திருடுகிறவன் முழுசாகப் படித்துவிட்டுத் திருட வேண்டும். அந்த ஆள் படிக்கவில்லை.

உச்சிப்புளியில் என் வீட்டுக்காரர் செல்போன் கடை வைத்திருக்கிறார். நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறேன். கடைக்கு வரும் மீன்பிடிக்காரர்கள் போனில் காற்று பார்க்கும் செயலி ஒன்று இருக்கும். இலவசச் செயலி. ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் நிரல் ஊருக்கே திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அதில் காற்றின் திசை ஆங்கில எழுத்தில்தான் வரும். "எஸ் டபிள்யூன்னா என்ன தாயி, கச்சானா?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் என்னிடம் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுகளுக்கு நம் கடற்கரையில் வழங்கும் பெயரிலேயே காட்டும்படி ஒரு பகுதியை எழுதி அனுப்பினேன்.

செயலியைப் பராமரிப்பவர் ஒரு வெளிநாட்டுக்காரர். "நன்றி, பார்க்கிறேன்" என்றார். அடுத்த பதிப்பில் எல்லோர் போனிலும் கச்சான் வந்துவிட்டது. ஆசையாக நிரலைத் திறந்து பார்த்தேன். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. நடுவில் நான் தமிழில் ஒரு குறிப்பு வைத்திருந்தேன்: "கச்சானில் கை வைக்கிறவர் என்னைக் கேட்டுவிட்டு வைக்கவும்." அதுவும் அப்படியே, அவர் பெயருக்குக் கீழே, தமிழிலேயே கிடந்தது.

செயலியின் பொதுப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே அவரைக் கேட்டேன். இலவச நிரலை எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். எழுதியவர் பெயரை மட்டும் எடுக்கக்கூடாது. எங்களுக்குக் கிடைக்கிற கூலியே அதுதான். எங்கள் ஊர்க் கோயிலில் டியூப் லைட்டில்கூட உபயம் இன்னார் என்று எழுதியிருக்கும். உம் செயலி அதைவிடக் கேவலமா? இதில் பாதியை வீட்டுக்காரர் அழிக்கச் சொன்னார். நான் அழிக்கவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்டார். வருகிற நிரலை எல்லாம் வெட்டி ஒட்டித் தன் பெயரில் சேர்ப்பதே தன் பழக்கம், யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார். அடுத்த பதிப்பில் "பங்களித்தவர்கள்" என்று தனிப் பக்கமே வைத்துவிட்டார். வீட்டுக்காரர் அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர் குரூப்பில் போட்டுவிட்டு, பிறகுதான் படித்தார்.

"இது மாமா பேருல்ல?" என்றார்.

நிரல் அனுப்பிய என் கணக்கில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் பெயரும் பின்னால் அய்யா, அதாவது என் அப்பா, பெயரும் இருக்கும். கடைசியில் வருவதுதான் ஆளின் பெயர் என்று நினைத்து, என் அய்யாவின் பெயரை மட்டும் 'திரு' சேர்த்துப் போட்டிருக்கிறார். ஆர்.எஸ்.மங்கலத்தில் நெல் விவசாயம் பார்க்கிற மனிதர் உலகத்துக்கே காற்றின் திசை சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அதற்குள் அய்யாவிடமிருந்து போன்.

"ஏத்தா, என் பேரு எதுக்கு வந்துருக்கு?"

"தப்பாப் போட்டுட்டான் அய்யா. இன்னைக்கே மாத்தச் சொல்றேன்."

"இன்னைக்கேவா?"

"ஏன்?"

"இல்ல, ஞாயித்துக்கிழமை நயினார்கோவில்ல காதுகுத்து. உன் மாமன் வாரான். அதுக்குப் பெறகு மாத்தேன்."

மாமா, அம்மாவுடைய தம்பி. நான் சொன்ன அந்த டியூப் லைட் அவர் உபயம்தான். வருடக்கணக்காக அதைச் சொல்லியே அய்யாவைச் சீண்டிக்கொண்டிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

காதுகுத்து அன்று அய்யா முதல் வேலையாக மருமகனை விட்டுத் தன் போனில் அந்தச் செயலியை ஏற்றிக்கொண்டார். பந்தியில் மாமா எதிர்வரிசையில் உட்கார்ந்தார்.

"என்ன மச்சான், என்னமோ எழுதியிருக்கீகளாம்ல?"

"காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கிதுன்னு எழுதியிருக்கு."

"உங்களுக்கு வரப்புல நின்னாக்கூடத் திசை தெரியாதே."

"உன் லைட்டு கோயிலுக்குள்ள வாரவனுக்குத்தான் தெரியும். இது கடலுக்குள்ள போனாலும் தெரியும்டா."

பந்தியே சிரித்தது. சாம்பார் ஊற்றியவர்கூட வாளியோடு நின்றுவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அய்யா என் பக்கம் கையைக் காட்டினார்.

"எழுதுனது இவ. பேரு மாறி விழுந்துருச்சு. நாளைக்கு மாத்திருவாக."

"அப்ப உங்களுக்கு என்ன பெருமை?"

"மாத்துற வரைக்கும் எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

மறுநாள் எழுதினேன். முன்னால் இருப்பது என் பெயர், பின்னால் இருப்பது என்னைப் பெற்றவர் பெயர், நான் திருவும் இல்லை என்று. இந்த முறை நிரலிலும் பக்கத்திலும் சரியாக வந்தது. அந்தத் தமிழ்க் குறிப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். பிறகு கச்சான் பகுதியில் ஒரு பிழை வந்தபோது என்னைக் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். இப்போது எங்களுக்குள் சண்டை இல்லை. மற்றவர்கள் அனுப்பும் நிரலிலும் அவரவர் பெயர் நிற்கிறது.

அய்யாதான் செயலியைப் புதுப்பிக்க மாட்டேன் என்கிறார். போனில் இடம் இல்லையாம். போன வாரம் நானே எடுத்துப் பார்த்தேன். வேண்டிய மட்டும் இடம் இருந்தது, பழைய பக்கத்தில் அவர் பெயரும் இருந்தது. புதுப்பிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.