வலக்கையில் வாங்கிய கட்டை

நாற்பதுகளின் தொடக்கம். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். சென்னையில் ஒரு வருடம் உடற்பயிற்சிப் படிப்பு படித்துவிட்டு, கழுத்தில் விசிலும் காலில் கான்வாஸ் ஷூவுமாக அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு டிரில் மாஸ்டராக வந்து சேர்ந்தேன். வயது இருபத்து மூன்று. ஓட்டத்தைப் பற்றி உலகத்தில் தெரிய வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைப்பு. குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அது நான்தான்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. எந்தப் பையன் எத்தனை விநாடியில் ஓடினான், எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தான், காலையில் என்ன சாப்பிட்டான் என்பதுவரை அதில் எழுதிவைப்பேன். தலைமையாசிரியரின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கித்தான் நேரம் பார்ப்பது. இதற்கு ஆராய்ச்சி என்று நானே பெயரும் வைத்துக்கொண்டேன். மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். நான் சட்டை செய்யவில்லை.

அந்த வருடம் நவராத்திரியை ஒட்டிப் பள்ளிகளுக்கிடையே பந்தயம் வைத்தார்கள். அதில் ரிலே ஓட்டமும் உண்டு. எங்கள் பள்ளிக்கு அது புதிது. நான்கு பேர் ஆளுக்கொரு பங்கு ஓட வேண்டும். ஓடி வருபவன் கையிலுள்ள கட்டையை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். வாங்குபவன் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டே இடக்கையைப் பின்னால் நீட்டி வாங்குவான். கொடுப்பது வலக்கை, வாங்குவது இடக்கை. என் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. கட்டையை ஆசாரியிடம் சொல்லி வேப்பமரத்தில் கடைந்து வாங்கினேன். பள்ளிப் பியூன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பளம் போடப் போறீங்களா சார்?" என்று கேட்டார்.

மூன்றாவதாக ஓடுகிறவனும் கடைசியாக ஓடுகிறவனும் விராலிமலைப் பக்கம் ஒரே ஊர். இருவருக்கும் பதினேழு வயதிருக்கும். கடைசி ஆள் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. மூன்றாமவன் அதே ஊர்ச் சேரியிலிருந்து உபகாரச் சம்பளத்தில் படிக்க வந்தவன். அவனுடைய அப்பா அந்த வீட்டு வயலில்தான் வேலை செய்தார். இரண்டு பேரும் நன்றாக ஓடுவார்கள். ஆனால் கட்டை கைமாறும் இடத்தில்தான் வினை. மூன்றாமவன் நீட்டியதும் கடைசி ஆளின் இடக்கை பின்னால் வரும். தொடும் நேரத்தில் சட்டென்று இழுத்துக்கொள்வான். நின்று, திரும்பி, வலக்கையால் வாங்கிக்கொண்டு அப்புறம் ஓடுவான். பந்தயமாக இருந்தால் அதற்குள் மற்றப் பள்ளிக்காரன் எல்லையைத் தொட்டுவிடுவான்.

இருபது தடவை செய்ய வைத்தேன். இருபது தடவையும் அதே கதை. சரி, ஆராய்ச்சி செய்வோம் என்று இரண்டாமவனை அவனுக்குக் கொடுக்கச் சொன்னேன். இடக்கையால் அழகாக வாங்கிக்கொண்டு பறந்தான். முதலாமவன் கொடுத்தாலும் அப்படியே. மூன்றாமவன் வந்தால் மட்டும் கை பின்வாங்கியது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது போலிருந்தது. நோட்டில் "காரணம்: சாதி" என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மைதானத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "அவன் தொட்ட கட்டையில தீட்டு ஒட்டியிருக்காடா? சாதியத் தலையில சொமக்கிறவனுக்கு என் டீம்ல எடமில்ல. போ வெளியே!"

கடைசி ஆள் ஒரே ஒரு தடவை மூன்றாமவனைப் பார்த்தான். பிறகு கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட பெருமையோடு அன்று நான் வீட்டுக்குப் போனேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் காலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாமவன் வந்து நின்றான்.

"சார், என்னையும் டீம்லேருந்து எடுத்துருங்க."

"ஏன்டா, அவுக வீட்டுல மெரட்டுறாகளா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். கடைசி ஆளை எப்போதும் 'அவுக' என்று சொல்கிறவன், அன்று முதல்முறையாக என் முன்னால் 'அவன்' என்றான்.

"அவன் மேல தப்பில்லீங்க சார். அவுக வீட்டுல எங்கய்யாவுக்கு எது குடுத்தாலும் எடக்கையாலதான் குடுப்பாக. வெத்தல பாக்குகூட அப்பிடித்தான். சின்ன வயசுல இவன் அதப் பாத்துட்டு, ஒங்கிட்ட மட்டும் நான் எடக்கையால குடுக்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன்னு சொன்னான். அத இன்னிக்கு வரைக்கும் மாத்தலீங்க."

சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தேன். "அத ஏன்டா அவன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா எங்கய்யா கதையும் எல்லாருக்கும் தெரிஞ்சுருமேங்க சார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நண்பனின் மானத்தைக் காப்பாற்ற, செய்யாத பாவத்தை அவன் தன் தலையில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஏற்றியது நான். பத்துப் பேர் முன்னால் திட்டியதைத் தனியறையில் திருத்த முடியாது. அன்று சாயங்காலம் கடைசி ஆள் தங்கியிருந்த விடுதிக்கு ஆளனுப்பி அவனை வரவழைத்தேன். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "நேத்து நான் சொன்னது தப்பு. காரணம் கேக்காதீங்க. தப்பு முழுக்க என்னோடது" என்றேன். வாத்தியார் மாணவனிடம் மன்னிப்புக் கேட்கிற காலமா அது? பையன்கள் திகைத்து நின்றார்கள். அவன்தான் எனக்காகச் சங்கடப்பட்டு, "விடுங்க சார், நேரமாச்சு, ஓடுவோம்" என்றான்.

இனி வலக்கையிலேயே வாங்கட்டும் என்று முடிவு செய்தேன். வலக்கைக்கு வலக்கை என்றால் கொடுப்பவன் நேர் பின்னால் ஓடிவர வேண்டும். முன்னால் ஓடுகிறவனின் குதிகாலை மிதித்துவிடுவான். புத்தகத்தில் இதற்கு வழி இல்லை. அவர்கள் இருவரும் நானுமாகச் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் வாங்குபவன் அரை அடி இடப்பக்கம் தள்ளி ஓடுவது, கொடுப்பவன் கையை முழுதாக நீட்டுவது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு இதை எழுதினேன்.

பந்தயத்தன்று இரண்டு அப்பாக்களும் வந்திருந்தார்கள். ஒருவர் பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் கயிற்றுக்கு அப்பால் வெயிலில் நின்றார். மூன்றாமவன் புயல் மாதிரி வந்தான். கட்டை வலக்கையிலிருந்து வலக்கைக்குப் போனது, ஒரு விநாடிகூட வீணாகவில்லை. இருந்தும் நாங்கள் இரண்டாவதாகத்தான் வந்தோம். முதலில் வந்தவனுக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இருக்கும்.

ஓடி முடித்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே கோலி சோடா ஒன்றை உடைத்து எடுத்துக்கொண்டு கயிற்றுப் பக்கம் போனான். நண்பனின் அப்பா பழக்கதோஷத்தில் குனிந்து, மேலிருந்து ஊற்றுவதை வாங்குவதுபோல இரண்டு கைகளையும் குவித்தார். அவன் ஊற்றவில்லை. "புட்டியோட குடிங்கய்யா" என்று வலக்கையால் அவர் கையில் வைத்தான். பந்தலில் அவனுடைய அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் இரண்டு பேரும் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே இதை எழுதுகிறேன். அந்த வேப்பங்கட்டை என் அலமாரியில் இருக்கிறது. நோட்டு எப்போதோ செல்லரித்துப் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, ஒரு பிள்ளை நான் சொல்லிக் கொடுத்ததற்கு மாறாக எதைச் செய்தாலும், விசிலை வாயில் வைப்பதற்கு முன் அவனைத் தனியே கூப்பிட்டு "ஏன்டா அப்பிடிச் செஞ்ச?" என்று கேட்டேன்; என் ஆராய்ச்சி முழுவதிலும் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.