மழைக்கோட்டும் பேச்சுப் போட்டியும்

வருடத்தில் முன்னூற்றுச் சொச்ச நாளும் என் அம்மா சைக்கிளில்தான் போவார். மழையென்றால் மஞ்சள் மழைக்கோட்டு, புகைமூட்டமென்றால் முகக்கவசம், வெயிலென்றால் நெற்றியில் ஒரு துண்டு. ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அவர் வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகம் வரை, வழியில் என் தமிழ்ப்பள்ளி. பின்சீட்டில் நான். கார் இல்லாத வீடென்றால் பொறுத்துப் போயிருப்பேன். வாசலில் கார் நின்றது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, அப்பாதான் ஓட்டுவார். அதைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளை வெளியே தள்ளுவார்.

பக்கத்து வீட்டு ஆன்டிகூடக் கேட்டுவிட்டார். "வூட்டுல காடி இருக்குறப்ப ஏன்லா புள்ளைய மழையில நனைக்கிறீங்க?"

"பத்து நிமிஷம்தான்கா," என்பார் அம்மா. எதற்கும் அதே பதில். பத்து நிமிடமும் கிடையாது, இருபது.

நான்காம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நாள் இரவே சீருடைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தாயிற்று. விடிந்தால் மழை. அம்மா வழக்கம்போல மழைக்கோட்டை உதறினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சமையலறைக்குப் போன நேரத்தில் பென்சில் முனையால் இரண்டு டயரிலும் காற்றை இறக்கினேன். பம்பைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்தேன்.

அம்மா பம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் அப்பாவை உலுக்கி எழுப்பினேன். அப்பாவுக்குப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இரவு ஷிப்ட். கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுபவர். விடிவதற்குச் சற்று முன்புதான் வந்து படுத்திருந்தார். ஒரு மணி நேரம் தூங்கியிருப்பார்.

"நீங்க படுங்க, நாங்க எப்படியாச்சும் போய்க்கிறோம்," என்றார் அம்மா.

"புள்ள பேச்சுப் போட்டிக்குப் போவுது. வாலா, விட்டுட்டு வந்து தூங்குறேன்." அப்பா முகத்தைக்கூடக் கழுவவில்லை.

நான் பின்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தேன். பெரிய சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. நான் உதட்டுக்குள் பேச்சை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தலை மெல்லச் சரிந்ததை நான் பார்க்கவில்லை. கார் இடப்பக்கமாக, மோட்டார் சைக்கிள்கள் போகும் ஓரத்துக்கு நழுவியது. யாரோ நீளமாக ஹார்ன் அடித்தார்கள். முன்சீட்டிலிருந்த அம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தார். சக்கரம் கல்விளிம்பில் மோதி நின்றது. மழைக்கோட்டு போட்ட ஒரு கல்லூரிப் பையன் கண்ணாடியைத் தட்டி, "அங்கிள், ஓகேவா? தூங்கிட்டீங்களா?" என்றான். நூலிழையில் தப்பியவன் அவன்தான்.

அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே தலையாட்டினார். அம்மா திட்டவில்லை. "அந்தப் பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்துங்க. அங்கயே தூங்குங்க. நாங்க நடந்தே போய்க்குவோம்," என்றார்.

"மழ பெய்யுதே..."

"பத்து நிமிஷம்தான்."

கூரைக்கடியில் காரை நிறுத்தி, ஜன்னலைச் சிறிது இறக்கி, சீட்டைச் சாய்த்ததுதான் தெரியும். அம்மா குடையை எடுப்பதற்குள் அப்பாவிடமிருந்து குறட்டை வந்தது. காரில் கிளம்பியும் நடையா என்ற ஆத்திரத்தில் என் பக்கத்துக் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினேன். அப்பா திடுக்கிட்டுப் புரண்டார். அம்மா என் கையில் கிள்ளினார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டு அடித்ததே இல்லை. பிறகு தன் பக்கத்துக் கதவை இரண்டு கைகளாலும் பிடித்து, சத்தமே வராமல், அங்குலம் அங்குலமாக மூடினார்.

கஞ்சி போட்ட பாவாடை முழங்காலில் ஒட்ட ஒட்ட நடந்தேன். பாதி வழியில் தாங்க முடியாமல் ஒப்புக்கொண்டேன். "டயர்ல காத்த எறக்குனது நான்தான்மா."

"தெரியும். கார்ல ஏறுறப்ப நீ சிரிச்சியே, அப்பவே தெரியும்."

அவ்வளவுதான். அதற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. டயரில் காற்றை இறக்கியதற்கு, பம்பை ஒளித்ததற்கு, சாலையில் எல்லோரும் சாகப் பார்த்ததற்கெல்லாம் கிள்ளாத அம்மா, போயும் போயும் ஒரு கதவைச் சாத்தியதற்கா கிள்ளினார் என்று, போட்டி மேடையில் ஏறும்வரை எனக்கு ஆறவேயில்லை.