விடுமுறை இருமல்

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் அக்காவுக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பள்ளி நடக்கும் நாளெல்லாம் கிண்ணென்று இருப்பார். விடிவதற்குள் டிப்போவுக்குப் போய், டயரைக் காலால் தட்டிப் பார்த்து, பிள்ளைகளை வீடு வீடாக அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கடைசி சீட்டில் யார் யாருடைய தலைமுடியை இழுக்கிறார்கள் என்பது திரும்பாமலே தெரியும். ஒரே அதட்டல், பஸ் முழுக்கக் கப்சிப். அதே மனுஷி விடுமுறை விட்டுச் சில நாள் ஆனால் போதும், லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிடுவார். சாயங்காலமானால் உடம்பு காயும், மாடியேறினால் மூச்சு வாங்கும். பள்ளி திறந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

மேல்மாடியில் குடியிருந்த நாத்தனார், அண்ணிக்கு உழைப்புக்கென்றே செய்த உடம்பு, உட்கார்ந்தால் துருப்பிடிக்கும் என்பாள். டயர் கடையில் வேலை பார்க்கும் கணவரோ, நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்குவதில்லையா, அந்த மாதிரிதான் என்று தன் பங்குக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். அக்கா இரண்டையும் நம்பினார்.

விடுமுறையில் அவர் ஒரு நாளும் சும்மா உட்கார்ந்ததில்லை என்பதை மட்டும் மூவரும் கவனிக்கவில்லை.

பள்ளி மூடினால் பாதிப் பேர் வெளியூர் கிளம்புவார்கள். நாயைக் கூடவே கூட்டிப் போகலாம். பறவையை யார் தலையில் கட்டுவது? முதலில் பஸ்ஸில் வரும் ஒரு சிறுமியின் லவ் பேர்ட்ஸ் ஜோடி அக்காவிடம் வந்தது. சேதி வாய்வழியாகப் பரவி, பிறகு விடுமுறைதோறும் முன்னறைச் சுவரை ஒட்டிக் கூண்டுகள் அடுக்கடுக்காக ஏறின. குருவிகள், கொண்டை வைத்த காக்கட்டீல், கண்ணாடிக் கடைக்காரரின் சாம்பல் நிறப் பேசும் கிளி. தங்கள் வீட்டில் வாயே திறக்காததெல்லாம் அக்காவின் தோளில் ஏறி உட்கார்ந்து காதைக் கடிக்கும். அதட்டினால் அடங்காத கூட்டம் என்பதாலேயே அவருக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம்.

கூச்சல் கேட்டு அக்கம்பக்கம் சண்டைக்கு வரக்கூடாதென்று ஜன்னல்களை இறுக்கச் சாத்தி வைப்பார். ராத்திரி ஒவ்வொரு கூண்டுக்கும் துணி போர்த்துவார். காலையில் அதை எடுத்து உதறி, தட்டில் காய்ந்த எச்சத்தைச் சுரண்டி, தென்னந்துடைப்பத்தால் தரையைப் பெருக்குவார். சாயங்காலம் இன்னொரு தடவை. அப்படியும் டிவி மேல் மாவு சலித்த மாதிரி வெள்ளையாகப் படிந்துகிடக்கும். வந்த விருந்தாளிகள் பவுடர் பூசாமல் படுப்பதில்லை போல என்று கணவர் கேலி செய்வார்.

ஒரு வருஷம் பள்ளி திறந்தும் இருமல் போகவில்லை. அந்தச் சமயம் பார்த்து டிரைவர்களுக்கான வருடாந்திர உடல் பரிசோதனை வந்தது. குழாயை வாயில் வைத்து முழு மூச்சையும் ஊத வேண்டும். நர்ஸ் ஊதுங்க ஊதுங்க என்று கத்திக்கொண்டேயிருக்க, அக்காவுக்குக் கண் இருட்டியதுதான் மிச்சம். தேறவில்லை. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் தேறி வந்தால் பஸ், இல்லையென்றால் டிப்போவில் ஏதாவது மேசை வேலை பார்க்கலாம் என்று மேலாளர் மரியாதையாகத்தான் சொன்னார். பஸ்ஸின் சாவி இன்னொருவர் கைக்குப் போனது.

கம்பெனி டாக்டர் புகை உண்டா என்று கேட்டார். இல்லை. செல்லப் பிராணி வளர்க்கிறீர்களா என்றார். அதற்கும் இல்லை என்றார் அக்கா. மறைக்க நினைக்கவில்லை. தனக்கென்று ஒரு குருவிகூடக் கிடையாது, வந்து போவதெல்லாம் ஊரார் சொத்து என்பது அவர் கணக்கு. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அதைப் பெரிய பயன் இல்லாமல் இழுத்துக்கொண்டு, தூசி படிந்த அதே சோபாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் கண்ணாடிக் கடைக்காரர் போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்க வீட்லேருந்து வந்ததுலேருந்து எங்க கிளி இருமுது."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வீட்டிலிருந்து ஒரு பறவை நோயோடு போனது என்று பேர் வந்தால் என்னாவது? கடைக்காரர் அவசரமாக மீதியைச் சொன்னார். கால்நடை டாக்டரிடம் காட்டியாயிற்று, கிளிக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் கூண்டின் துணியை எடுக்கும்போது மட்டும் இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல், அப்புறம் தொண்டையைச் செருமி "அம்மாடி" என்று ஒரு பெருமூச்சு. அவர் வீட்டில் அப்படி இருமுகிற ஆளே இல்லை.

"டாக்டர் முதல்ல சிரிச்சாரு. அப்புறம், கிளி யார்கிட்ட இதைக் கத்துக்கிச்சோ அவங்களை உடனே நெஞ்சு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க, பறவை விஷயத்தை மறக்காம சொல்லச் சொல்லுங்கன்னாரு."

அக்காவுக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, சிரித்ததில் இருமலும் வந்தது. துணியை உதறும்போதுதான் இருமுகிறோம் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்கே தெரியாது.

நெஞ்சு டாக்டர் ஒரு பெண்மணி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முன்னறையைப் பற்றி ஒன்றுவிடாமல் கேட்டார். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. நோஞ்சான் பறவை ஒன்றைக்கூட வாசல்படி ஏற்றியதில்லை என்று வாதாடினார்.

"இது ஒட்டுவாரொட்டி இல்லம்மா. நல்லா இருக்கற பறவையோட இறகுலேருந்துதான் இந்தப் பொடி உதிரும். காய்ஞ்ச எச்சத்தைப் பெருக்கினா அதுவும் பறக்கும். எல்லாருக்கும் ஒண்ணும் செய்யாது. உங்க நுரையீரல் அதை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பாயிட்டு வருது."

"மாஸ்க் போட்டுக்கறேன் டாக்டர்."

"மாஸ்க்கைக் கழட்டிட்டு எங்க தூங்குவீங்க?"

அக்கா, பால்கனியில் வைக்கலாமா, இரண்டே இரண்டு கூண்டு என்றால் பரவாயில்லையா என்றெல்லாம் பேரம் பேசிப் பார்த்தார். டாக்டர் எதற்கும் மசியவில்லை. இனி கொஞ்சம் பொடியே போதும், தழும்பு கூடிக்கொண்டே போகும், அப்புறம் பஸ் படியேறவே மூச்சு இருக்காது என்றார். அக்கா வீடு திரும்பி, மாடிக்குப் போய், உபரியாகத் தான் வாங்கி வைத்திருந்த காலிக் கூண்டுகளை அப்புறப்படுத்தச் சொல்லி நாத்தனாரிடம் ஒப்படைத்தார்.

பறவை போனாலும் பொடி மாதக்கணக்கில் தங்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். துடைப்பம் கூடாது, ஈரத்துணிதான், அதையும் அக்கா தொடக்கூடாது. கணவரும் நாத்தனாரும் மாஸ்க் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். அக்கா தெருவில் நின்றபடி, அலமாரிக்கு மேலே கை வைத்தாயா, ஃபேனைத் துடைத்தாயா என்று உத்தரவு போட்டுக்கொண்டேயிருந்தார்.

நாத்தனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அண்ணி, இது பஸ் இல்ல. அங்கேருந்து ஓட்டாதீங்க."

கணவர் ஃபேன் இறக்கையில் வைத்த துணி ஒரே இழுப்பில் சாம்பல் நிறமானது. பவுடர் கேலியை அதற்கப்புறம் அவர் எடுத்ததில்லை. திரைச்சீலைகள் சலவைக்குப் போயின, சோபா போயே போனது.

நெஞ்சு டாக்டர் கொடுத்த மாத்திரைகளால் முகம் உப்பியது, தூக்கம் கெட்டது. ஆனால் இருமல் மெல்ல மெல்ல இறங்கியது. அடுத்த பருவம் தொடங்குமுன் மறுபடி குழாயை வாயில் வைத்து ஊதினார். பழைய அளவு வரவில்லை. இனி வரவும் வராது, இதைக் காப்பாற்றிக்கொண்டால் ஓட்டலாம் என்று கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

சாவியை வாங்கிக்கொண்டு பஸ்ஸிடம் நடந்தபோது போன் அடித்தது. தையல்கடைக்காரி. இந்த விடுமுறைக்குத் தன் காக்கட்டீல் ஜோடிக்கு இப்போதே இடம் பிடித்து வைக்க வேண்டும் என்றாள். அக்கா இனி எடுப்பதில்லை என்று சொல்லி, ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு ஏதோ தோன்றிக் கேட்டார்.

"உங்க வீட்ல யாராவது இருமறாங்களா?"

மறுமுனையில் தையல் மெஷின் ஓட்டம் நின்றது.

"எங்க மாமியார். துணித் தூசின்னு நினைச்சோம்."

"கூண்டு எங்க இருக்கு?"

"அவங்க கட்டிலுக்குப் பக்கத்துலதான் அக்கா. பேச்சுத் துணைக்கு."

அக்கா பஸ் படியில் உட்கார்ந்து, பேனா எடுத்துக்கொள்ளச் சொல்லி, நெஞ்சு டாக்டரின் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.