குசினிச் சுவரில் இரண்டு ஓட்டைகள்

கிளினிக்கில் டொக்டர் அம்மா என் மூச்சைக் கேட்டுவிட்டு, "வீட்டில சமைக்கிறது நீங்களா?" என்றார். ஓம் என்றேன்.

"பொரிக்கிற புகைக்குள்ள நிக்கிறதக் குறைக்கணும். மூச்சு முட்டு கூடிக்கொண்டு போகுது."

பனிச்சங்கேணிக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே என் கணவர் வழி கண்டுபிடித்துவிட்டார். பின்வளவில் தகரம் போட்டு ஒரு கொட்டில் கட்டித் தருவாராம். அடுப்பை அங்கே கொண்டுபோய்விடலாமாம்.

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. மேடை என் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் உள்ளேயே வர வேண்டும் என்று பக்கத்தில் நின்று கட்டுவித்த குசினி அது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சேலையை மாற்றுமுன் நான் போய் நிற்கிற இடம்.

"நான் வெளியால போகமாட்டன். புகைதான் போகணும்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமையே ஓட்டமாவடிக்குப் போய் ஒரு குக்கர் ஹூட் வாங்கி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அடுப்புக்கு மேலே பூட்டுகிற பெட்டி அது. உள்ளே இருக்கிற காற்றாடி புகையை இழுத்து, ஒரு குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளிவிடும்.

"எந்தச் சுவர உடைக்கிற டீச்சர்?" என்று அதைப் பூட்ட வந்த மேசன் கேட்டார்.

என் குசினி ஒடுக்கமானது, அடுப்புக்கு இரு பக்கமும் சுவர்தான். கிழக்குச் சுவரை உடைத்தால் பக்கத்து வீட்டு முற்றம். அந்த வீட்டுக்காரியோடு எனக்கு அப்போது பேச்சில்லை. அவளுடைய ஆடு என் கத்தரிக் கன்றுகளைத் தின்றுவிட்டது, நான் ஆட்டைப் பிடித்துக் கட்டிவைத்தேன், அதோடு முறிந்தது. அவளிடம் போய்க் கேட்க மனம் வரவில்லை. களப்பு நீரைப் பார்த்திருக்கும் மேற்குச் சுவரைக் காட்டினேன். காற்றே இல்லாத நாட்கள் அவை. எங்களில் ஒருவருக்கும் கச்சான் காற்றின் நினைவு வரவில்லை.

கச்சான் வந்தது. களப்பைக் கடந்து வந்த அந்தக் காய்ந்த மேற்குக் காற்று நேரே குழாய்க்குள் புகுந்தது. நான் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். ஹூட் இழுத்த புகை முழுவதும் திரும்பி வந்து என் முகத்தில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு, இன்ஹேலரோடு பின்படியில் போய் இருந்தேன்.

கணவர் பக்கத்தில் வந்து நின்றார். "கொட்டிலப் போடுவமா?"

மூச்சு வரும்வரை பொறுத்துச் சொன்னேன். "மேசனக் கூப்பிடுங்க."

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் ஆட்டுக்கு இலைக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்: "டீச்சர் வந்திருக்கிறா. என்ன விசயமெண்டு கேளு."

நான் அவளைப் பார்த்தே சொன்னேன். "உங்கட பக்கத்துச் சுவர உடைச்சி, புகைக்குழாய் வைக்கணும். பொரிக்கிற மணம் உங்கட முத்தத்துக்குத்தான் வரும். நீங்க ஓமெண்டாத்தான் உடைப்பன்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி நாளைக்கும் வந்து கேப்பன்."

அவள் குழையைக் கீழே போட்டாள். "மகள் பிள்ள பெத்து வந்திருக்கிறாகா. தொட்டில் அந்த யன்னலுக்கு நேரதான் கிடக்கு. அதுக்குள்ள மிளகாய்ப் புகைய விடுவீங்களா?"

பிள்ளை அழுகிற சத்தம் எனக்கும் தினமும் கேட்டதுதான். போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அவளே வேலியைக் கடந்து என் குசினிக்குள் வந்தாள். ஹூட்டை அண்ணாந்து பார்த்தாள். வெளியே போய்ச் சுவரைப் பார்த்தாள், யன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"குழாய வெளியால எடுத்து, மேல வளைச்சிக் கூரைக்கு மேலால விடுங்க. காத்து கொண்டுபோயிடும். தொட்டில நான் மற்ற அறைக்கு மாத்திறன்."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். மேசன் கிழக்குச் சுவரை உடைத்துக் குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றி, மழை இறங்காமல் தகரத் தொப்பி ஒன்றும் கவிழ்த்தார். மேற்கு ஓட்டையைச் சீமெந்து பூசி அடைத்தார். அன்றும் கச்சான் ஓயவில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கை நிறையச் செத்தல் மிளகாயை அள்ளிச் சட்டியில் போட்டேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். மிளகாய் கறுத்தது. புகை மேலே போயிற்று, திரும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முந்தானையை எடுத்தாள்.

"சத்தம்தான் மெசின் மாதிரிக் கிடக்கு" என்றாள்.

அன்று பின்னேரம் இறால் பொரித்துக்கொண்டு போய்ப் பிள்ளையைப் பார்த்தேன்.

முட்டு முற்றாக மாறவில்லை. இப்போதும் கிளினிக் போகிறேன். ஆனால் என் மேடையில் நின்று மூன்று கறி சமைத்து முடிக்கிறேன். முன்பெல்லாம் படலைக்குள் வரும்போதே மணத்தை வைத்துக் கறியைச் சொல்லிவிடுகிற என் கணவர், இப்போது குசினி வாசல்வரை வந்து நின்று கேட்கிறார்:

"இண்டைக்கு என்ன கறி?"

"உள்ளுக்கு வந்து பாருங்க" என்கிறேன்.